பேட்டைச் சிறுவர் கூட்டிய சங்கம்

எஸ்.பி.எம். பரீட்சை முடிவுகள் வெளியான மறு வாரம் நம் கடைகளில் நடக்கும் பேச்சு என்னவென்பது தெப்ராவிலுள்ள நம்மவர்கள் அனைவருக்கும் தெரியும். இன்னார் மகன் டாக்டருக்குப் படிக்கப் போகிறான், இன்னார் மகன் கணக்கியல் எடுக்கிறான் என்றால் வாழ்த்துச் சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையாக இருந்து, பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கி, மீலாது விழாவில் ஐம்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டிய பையன் ஒருவன் வந்து, தான் அரசியல் சாஸ்திரம் படிக்க விரும்புவதாகச் சொல்லிவிட்டால் மட்டும் கடையில் பேச்சு நின்று போகிறது. அதைப் படித்து எந்தக் கடையைத் திறப்பாய் என்று தகப்பனார் கேட்கிறார். நானும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கேட்டவன்தான். கேட்ட அன்றிரவு, சிறு வயதில் மதரஸாவில் உஸ்தாது அவர்கள் சொல்லக் கேட்ட ஒரு பெரியாருடைய சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெரியார் நம்மவர். நம்மைப் போல வியாபாரி. கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைச் சொல்கிறேன்.

அவர்கள் 1896ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் தேதி திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். பேட்டை என்றால் சந்தை கூடும் இடம் என்பது நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தகப்பனார் மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்கம் கற்ற மௌலவி, வியாபாரமும் உண்டு. மகன் சிறுபிள்ளையாக இருக்கும்போதே தகப்பனார் மௌத்தாகிவிட்டார்கள். குர்ஆனையும் அரபியையும் தாயார்தான் மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தகப்பன் இல்லாத வீட்டில் வளரும் பிள்ளை ஒன்று கெட்டுப்போகும், அல்லது வயதுக்கு மீறிய பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளை இரண்டாவது வழியில் போயிற்று.

அந்தக் காலத்துத் திருநெல்வேலிச் சீமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய். அதில் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் என்ற நம் மார்க்கத்து வியாபாரி ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு, வாங்கினார்கள். இக்காலத்தில் யாரேனும் சங்கத்துக்கு ஐம்பது வெள்ளி சந்தா கேட்டால் நாம் எத்தனை தரம் யோசிக்கிறோம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1908 மார்ச் மாதத்தில் சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் ஆங்கிலேய சர்க்கார் சிறைப்படுத்தியது. மறுநாள் 13ஆம் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. மாணவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தார்கள்; முனிசிபல் ஆபீசுக்கு நெருப்பு வைத்தார்கள்; மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீசார் சுட்டதில் நாலு பேர் மாண்டார்கள். அப்போது இஸ்மாயில் சாஹிபுக்கு வயது 11. கூப்பிடு தூரத்தில் நடந்த காரியம். அந்த ஊர்ப் பிள்ளைகள் அரசியல் என்ற சொல்லைப் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மறு வருஷம் 1909. அந்த வருஷத்தில்தான் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்து, முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனித்தொகுதி கிடைத்தது. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே வருஷம், பேட்டையில் 13 வயதுப் பிள்ளை ஒன்று தன் வயதொத்தவர்களைச் சேர்த்து முஸ்லிம் வாலிபர் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தது.

சங்கம் நடத்துவது என்றால் என்ன என்பது இந்தப் பத்திரிகையை வாசிக்கும் நமக்கு நன்றாகத் தெரியும். வருவதாகச் சொன்னவன் வரமாட்டான். சந்தா கொடுத்தவன் கணக்குக் கேட்பான். கொடுக்காதவன் அதைவிட உரக்கக் கேட்பான். தீர்மானத்தை எழுதி வைக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் அப்படி ஒரு தீர்மானமே போடவில்லை என்பார்கள். தலைவர் சொன்னது தோற்று, காரியதரிசி சொன்னது ஜெயித்துவிட்டால், அன்றைக்குத் தலைவர் முகத்தைச் சுளிக்காமல் ஸலவாத்துச் சொல்லிக் கூட்டத்தை முடிக்க வேண்டும். இவ்வளவும் பாலர் சங்கமானாலும் உண்டு, பார்லிமெண்டானாலும் உண்டு. ஐம்பது வயதில் முதல்முதலாக இதைக் கற்றுக்கொள்ளப் புறப்படுகிறவர் படுகிற பாட்டையும், மற்றவர்களைப் படுத்துகிற பாட்டையும் நாம் பார்த்திருக்கிறோம். இஸ்மாயில் சாஹிப் அவர்கள் மீசை அரும்பும் முன்னே அந்தப் பாடத்துக்குள் போய்விட்டார்கள்.

இங்கே நம் ஊர் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் மலேசியப் பார்லிமெண்டு வோட்டுப் போடும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்துச் சட்டம் செய்தது. அது 2021 டிசம்பரில் அமலுக்கு வந்தது. 18 வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக வோட்டுப் போட்ட மாநிலத் தேர்தல், 2022 மார்ச் 12ஆம் தேதி நம் ஜொகூரில் நடந்ததுதான். வோட்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டோம். அந்தச் சீட்டு எப்படி வேலை செய்கிறது என்று படிக்கப் போகிறேன் என்றால் வேண்டாம் என்கிறோம்.

சரித்திரத்துக்கு வருகிறேன். இஸ்மாயில் சாஹிப் திருநெல்வேலியில் படித்து, திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குப் போய், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. ஹைகோர்ட்டுக்கு எதிரே பட்டணத்தின் வியாபாரத் தெருக்களுக்கு நடுவே இருந்தது. மதரஸாவும் வீட்டுப் பாடமுமாக வளர்ந்த பிள்ளை பாதிரிமார் கல்லூரிகளில் படித்ததைச் சிலர் அந்நாளில் குறையாகப் பேசியிருக்கலாம். ஆனால் தீன் அதனால் ஒரு முடியளவும் குறையவில்லை என்பதற்கு அவர்களுடைய பின்னாள் வாழ்க்கையே சாட்சி.

மாணவராக இருக்கும்போதே, 1918இல், மஜ்லிஸுல் உலமா என்ற ஆலிம்கள் சபை உருவாக முன்னின்று உழைத்தார்கள். வயது 22. இந்தச் செய்தியை நான் வாசித்தபோது அச்சுப் பிழையோ என்று மறுபடியும் பார்த்தேன். ஊரில் பிறை பார்க்கும் விஷயத்தில் இரண்டு ஹஜ்ரத்துமார்களை ஒரே பாயில் உட்கார வைப்பதற்குள் ஜமாஅத் தலைவருக்கு மூச்சு வாங்கிவிடும். பட்டமும் பெறாத ஒரு மாணவர், தலைப்பாகை கட்டிய பெரியோர்களின் வாசல் ஏறி இறங்கி, அவர்களை ஒரு ஸ்தாபனத்தின் கீழ்க் கொண்டுவரும் வேலையில் பங்கெடுத்திருக்கிறார் என்றால், பேட்டைச் சங்கத்தின் ஒன்பது வருஷப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். பெரியவர்களிடம் குரலை உயர்த்தாமல் பேசவும், அதே சமயம் சொல்ல வந்ததை விடாமல் சொல்லவும் அவர்களுக்கு முடிந்தது. இந்தக் குணத்தைப் பின்னாளில் அவர்களை எதிர்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

1920 வந்தது. முதல் மகாயுத்தத்தில் துருக்கி தோற்று, கிலாபத்துக்கு ஆபத்து வந்த காலம். மௌலானா முஹம்மது அலி, ஷௌகத் அலி சகோதரர்களும் காந்தியடிகளும் சேர்ந்து, சர்க்கார் சம்பந்தப்பட்ட கல்லூரிகளை விட்டு வெளியே வரும்படி மாணவர்களை அழைத்தார்கள். அலிகாரில் மாணவர்கள் வெளியேறி, அந்த வருஷம் அக்டோபரில் ஜாமியா மில்லியா பிறந்தது. சென்னையில் இஸ்மாயில் சாஹிப் அவர்கள் பி.ஏ. பரீட்சை எழுதும் தறுவாயில் இருந்தார்கள். எழுதவில்லை. கல்லூரியை விட்டு வெளியே வந்து ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் நம்மில் சிலர் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது. பார்த்தாயா, பட்டம் வாங்காமலே தலைவரானார், பின்னே எதற்கு அரசியல் படிப்பு என்று கேட்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது இனிப்பான பேச்சுத்தான். ஆனால் சரியான பேச்சு ஆகாது. அவர்கள் பரீட்சையைக் கைவிட்டது படிப்பு வீண் என்பதற்காக இல்லை. தான் நம்பிய ஒரு காரியத்துக்காகத் தனக்குப் பிரியமான ஒன்றைக் கொடுத்தார்கள். கொடுத்ததன் விலை தெரிந்தவர் என்பதால்தான் பிற்காலத்தில் செல்வந்தர்களைக் காணும்போதெல்லாம் கல்லூரி கட்டுங்கள் என்று வற்புறுத்தினார்கள். சென்னையில் புதுக்கல்லூரி 1951இலும், திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி அதே 1951இலும், அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955இலும் எழுந்தன. இவையெல்லாம் நம் வியாபாரிகளின் பணத்தில் எழுந்தவை. மேலும், அந்நாளில் அரசியலைக் கல்லூரியில் தனிப் பாடமாகக் கற்க வழி குறைவு. இப்போது அப்படியில்லை. 1970இல் ஆரம்பித்து இப்போது பாங்கியிலே இருக்கும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத்தைத் தனித் துறையாகவே கற்பிக்கிறார்கள். ஜொகூரிலிருந்து நாலு மணி நேரப் பிரயாணம்.

கல்லூரியை விட்டவர்கள் தோல் வியாபாரத்தில் இறங்கினார்கள். அக்காலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் பெரும்பாலும் நம்மவர் கையில் இருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டை போட்டுப் பதம் செய்த தோல், பெரியமேட்டுக் கிடங்குகளுக்கு வந்து, அங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறும். அந்த வியாபாரத்தில் சிகரமாக விளங்கியவர் ஜமால் முகம்மது சாஹிப் அவர்கள். 1931இல் லண்டனில் நடந்த வட்டமேஜை மாநாட்டுக்கு இந்திய வர்த்தகர்கள் சார்பில் சென்றவர்களில் அவரும் ஒருவர். அவர்களுடைய குடும்பத்தோடு இஸ்மாயில் சாஹிபுக்கு வியாபாரத் தொடர்பும் சம்பந்த உறவும் ஏற்பட்டன. சரக்கின் தரம் பார்ப்பது, வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுவது, நஷ்டம் வந்த வருஷத்தில் பேரேட்டை ஒளிக்காமல் இருப்பது, இவையெல்லாம் அரசியலுக்கு உதவாத பழக்கங்கள் என்று இந்நாளில் சொல்லுவார்கள். அவர்களுக்கு உதவின.

முஸ்லிம் லீகில் சேர்ந்து, சென்னை மாகாணத் தலைவராக உயர்ந்தார்கள். 1946 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 28 முஸ்லிம் தொகுதிகளையும் லீக் கைப்பற்றியது. அவர்கள் எதிர்க்கட்சித் தலைவரானார்கள்.

அதன் பிறகு வந்தது 1947. தேசம் இரண்டானது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள், உயிரிழந்தார்கள். பழைய லீகின் பெருந்தலைவர்கள் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், ஸ்தாபனத்தை இரண்டாகப் பிரித்து, பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலிகானையும், இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில் சாஹிபையும் அமைப்பாளர்களாக நியமித்தது. எப்படிப்பட்ட நியமனம் அது! இந்தியாவில் அப்போது லீக் என்ற பெயரைச் சொல்வதே ஆபத்து. கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்று பெரிய பெரிய மனிதர்கள் புத்தி சொன்னார்கள். வடக்கே பலர் கலைத்தும் விட்டார்கள். நம்மவரிலேயே பலர், வம்பு வேண்டாம், கடையைப் பார்ப்போம் என்று ஒதுங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் பெண்டு பிள்ளைகளின் சோறு இருக்கிறது.

1948 மார்ச் 10ஆம் தேதி சென்னை அரசினர் மாளிகையைச் சேர்ந்த மண்டபத்தில், பின்னாளில் ராஜாஜி ஹால் என்று பெயர் பெற்ற அதே இடத்தில், அவர்கள் கவுன்சிலைக் கூட்டினார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். கூட்டத்தின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: கலைப்பதா, நடத்துவதா? பேசவிட்டார்கள், கலைக்கச் சொன்னவர்களையும் பேசவிட்டார்கள். பிறகு வோட்டுக்கு விட்டார்கள். நடத்துவது என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அன்று பிறந்தது, அவர்களே தலைவர்.

என்னுடைய எண்ணம், பேட்டைச் சங்கத்தின் பலன் முழுதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர் முழுக்கக் கூடி மாலை போடும் கூட்டத்துக்கு யாரும் தலைமை தாங்கலாம். பயந்து போன சில பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, ஒழுங்காகப் பேசி, ஒழுங்காக வோட்டெடுத்து, ஒழுங்காகத் தீர்மானம் எழுதி வெளியே வருவதற்குப் பழைய பழக்கம் வேண்டும். அது அவர்களிடம் 39 வருஷத்துப் பழக்கமாக இருந்தது.

அதே 1948இல் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினரானார்கள். பட்டம் வாங்காதவர், அம்பேத்கர், முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்ற சட்ட மேதைகளுக்கு எதிரே எழுந்து நின்றார்கள். 1948 நவம்பர் 23ஆம் தேதி, நாடு முழுமைக்கும் ஒரே சிவில் சட்டம் என்ற ஷரத்து வந்தபோது, எந்தச் சமூகமும் தன் சொந்த ஷரீஅத்தை, தனக்குரிய குடும்பச் சட்டத்தை, விட்டுவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று கேட்கவில்லை. எந்தக் கூட்டத்தாருக்கும் என்று கேட்டார்கள். போக்கர் சாஹிபும் மஹ்பூப் அலி பேக் அவர்களும் துணைக்கு நின்றார்கள். திருத்தம் தோற்றது. ஆனால் அந்த விவாதத்தில், அப்படி ஒரு சட்டம் வருங்காலத்தில் வந்தாலும் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் என்று பார்லிமெண்டு தொடங்கலாம் என அம்பேத்கர் அவர்கள் சொல்ல நேர்ந்தது. 1949 மே மாதத்தில் தனித்தொகுதி வேண்டும் என்று வாதாடினார்கள்; சர்தார் பட்டேல் கடுமையாகப் பதில் சொன்னார்; அதிலும் தோல்வி. தனித்தொகுதி விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. பிரிவினையின் இரத்தம் காயாத நேரத்தில் அதைக் கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். நம் மேடைகளில் காயிதே மில்லத் தமிழைத் தேசிய மொழியாக்கச் சொன்னார் என்று சுருக்கிப் பேசி விடுகிறோம். அவர்கள் வாதத்தை அடுக்கிய விதம் அதைவிட நயமானது. காந்தியடிகள் சொன்னபடி ஹிந்துஸ்தானியை இரு லிபியிலும் ஏற்கலாம் என்றார்கள். பழமைதான் அளவுகோல் என்று நீங்கள் சொல்வீர்களானால், இந்த மண்ணில் பேசப்படும் மொழிகளில் பழமையானவை திராவிட மொழிகள், அவற்றிலும் தமிழ் மூத்தது என்று எடுத்துக்காட்டினார்கள். எதிரியின் தராசிலேயே எதிரியின் சரக்கை நிறுத்துக் காட்டுவது என்று நம் தொழிலில் சொல்லலாம். அங்கேயும் வோட்டு அவர்கள் பக்கம் விழவில்லை.

ஒன்று பின் ஒன்றாகத் தோல்வி. மறுநாள் காலையில் அவர்கள் சபையில் இருந்தார்கள். அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைகள் அச்சாகியிருக்கின்றன. அரசியல் படிக்கும் மாணவர்கள் அவற்றை இன்றும் வாசிக்கிறார்கள். தோற்ற திருத்தங்களும் ஜெயித்தவற்றோடு சேர்ந்து அதே பக்கங்களில் அச்சாகியுள்ளன.

பின்னாள் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952 முதல் 1958 வரை ராஜ்ய சபை. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் இந்தத் தமிழரைத் தங்கள் பிரதிநிதியாக லோக்சபைக்கு அனுப்பினார்கள். 1967இல் தமிழ்நாட்டில் அண்ணாதுரை அவர்களின் கட்சியோடு உடன்பாடு கண்டார்கள். காங்கிரஸ் ஆட்சி போயிற்று. அதே வருஷம் கேரளத்தில் லீக் மந்திரிசபையில் இடம்பெற்று, சி. எச். முஹம்மது கோயா கல்வி மந்திரியானார். 19 வருஷங்களுக்கு முன் கலைத்துவிடச் சொன்ன கட்சி அது. தாம் மந்திரி பதவி எதையும் ஏற்கவில்லை.

1972 ஏப்ரல் முதல் வாரத்தில், மஞ்சேரியின் பிரதிநிதியாக இருந்துவரும்போதே, சென்னையில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 75. பின்னர் 1974இல் மவுண்ட் ரோட்டில் ஆரம்பித்த அரசினர் மகளிர் கல்லூரி அவர்கள் பெயரைத் தாங்கி நடந்து வருகிறது.

நம்மில் பலர் சரக்கு எடுக்க வருஷத்தில் இரண்டு தரம் சென்னைக்குப் போகிறோம். திருவல்லிக்கேணியில் ஆற்காட்டு நவாபு வாலாஜா பெயரால் விளங்கும் பெரிய பள்ளிவாசலில் லுஹர் தொழுகிறோம். அந்தப் பள்ளிவாசல் வளாகத்திலேயே அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். அடுத்த தரம் போகிறவர்கள், பரீட்சை எழுதி வீட்டில் இருக்கும் பையனையும் கூட அழைத்துக்கொண்டு போய், ஒரு பாத்திஹா ஓதிவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.